ஆப்பிரிக்காவில் எந்தக் காடு? – கடிதம்

அன்புள்ள சார்,

வணக்கம். கோவையில் வங்கி வேலையிலிருந்து போன வருடம் ஓய்வு பெற்றேன். ஏழெட்டு வருடமாக முதுமலை, கபினி, வால்பாறை என்று கேமராவோடு சுற்றுகிறேன். 100-400 மி.மீ. ஜூம் லென்ஸ் ஒன்று வைத்திருக்கிறேன். வாழ்க்கையில் ஒருமுறை ஆப்பிரிக்கா என்று நானும் மனைவியும் முடிவு செய்திருக்கிறோம். அவருக்குப் பார்த்தால் போதும், படமெடுக்கும் கிறுக்கு எனக்கு மட்டும்தான். டிராவல்ஸ்காரர் ஆகஸ்டுக்கு கென்யாவில் ஆறு இரவுத் திட்டம் கொடுத்திருக்கிறார்: அம்போசெலி 2, நைவாஷா 1, நகுரு 1, மசாய் மாரா 2. 'பிக் ஃபைவ் நிச்சயம்' என்கிறார். வில்டபீஸ்ட் என்ற பெரிய மான்வகையின் கூட்டம் ஆற்றைக் கடப்பதை எடுக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. ஒரு நண்பர் டான்சானியா போ என்கிறார், இன்னொருவர் போட்ஸ்வானா என்கிறார். எங்கே போகலாம்? 600 லென்ஸ் வாங்க வேண்டுமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் திட்டத்தை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு நாளும் காலை ஆறரைக்கும் மாலை ஆறுக்கும் எங்கே இருப்பீர்கள் என்று மட்டும் குறித்துப் பார்த்தேன். பாதி நாள் நெடுஞ்சாலையில் இருக்கிறீர்கள். மாராவில் இரண்டு இரவு என்கிறாரே, முதல் நாள் மதியம் போய்ச் சேர்வீர்கள், மூன்றாம் நாள் காலை சாப்பிட்டதும் நைரோபிக்குக் கிளம்பிவிடுவீர்கள். முழுசாகக் கையில் இருப்பது ஒரே ஒரு காலை. மாரா நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரை டிகிரிதான் தெற்கே. சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தாக ஏறும். ஆறரைக்கு உதயம் என்றால் எட்டரைக்கெல்லாம் வெளிச்சம் கடுத்துவிடும். ஆக, அந்தக் காலையில் ஆற்றைக் கடக்கும் காட்சிக்கு உங்களுக்கு வாய்த்திருப்பது இரண்டு மணி நேர நல்ல வெளிச்சம்.

நகுருவை ஏன் சேர்த்தார் என்று தெரியும். காண்டாமிருகம். 'பிக் ஃபைவ்' என்பது வேட்டைக்காரர்கள் போட்ட பட்டியல். நடந்துபோய்ச் சுடுவதற்கு மிகவும் ஆபத்தானவை என்று சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், எருமை ஐந்தையும் சேர்த்தார்கள். துப்பாக்கி போய் கேமரா வந்த பிறகும் பட்டியல் போகவில்லை. அதை நிரப்புவதற்காக டிரைவர் ரேடியோவில் கேட்டுக்கேட்டு ஓடுவார். ஒன்றைப் பார்த்ததும் அடுத்ததற்குப் பறப்பார். விளம்பரத்தாளில் நகுருவின் ஃபிளமிங்கோ கூட்டமும் இருக்கும் என்று நினைக்கிறேன். பழைய படமாகத்தான் இருக்கும். ஏரியில் நீர் ஏறி உப்பு நீர்த்துப்போய், அவை தின்னும் பாசி குறைந்துவிட்டது. கூட்டத்தில் பெரும்பகுதி போகோரியா போன்ற வேறு ஏரிகளுக்குப் போய்விட்டது.

இன்னொன்று, சிவிங்கி, அதாவது சீத்தா, அந்தப் பட்டியலிலேயே இல்லை. நம் செய்தித்தாள்கள் லெப்பர்டுக்கும் சீத்தாவுக்கும் சிறுத்தை என்றே எழுதிக்கொண்டிருந்தன. 2022இல் நமீபியாவிலிருந்து மத்தியப் பிரதேசத்தின் குனோவுக்கு எட்டு வந்து இறங்கியபோதுதான் சிவிங்கிப்புலி என்ற சொல் பரவலாகத் திரும்பி வந்தது. ஒட்டகச்சிவிங்கியில் மட்டும் அது எப்போதும் ஒளிந்திருந்தது.

சரி, ஆற்றைக் கடக்கும் காட்சி. நான் அதற்காகப் போனவன், அதனால் சொல்கிறேன். முதல் நாள் நாலு மணி நேரம் கரையில் காத்திருந்தோம். கூட்டம் விளிம்புவரை வந்தது, முன்னால் நின்றது தண்ணீரை முகர்ந்தது, அப்புறம் எல்லாம் திரும்பிப் போயின. மறுநாள் இறங்கின. அதுவரை ஒதுங்கி நின்ற வண்டிகள் மொத்தமும் ஒரே நேரத்தில் கரையை நோக்கிப் பாய்ந்தன. என்னுடைய ஆகச்சிறந்த படத்தின் இடது ஓரத்தில் ஒரு ஸ்டெப்னி டயர் இருக்கிறது. வெட்டினால் பாய்கிற விலங்கின் பின்னங்கால் போய்விடும். இத்தனைக்கும் ஜூலை முதல் டிசம்பர் வரை வெளிநாட்டவருக்கு மாரா ரிசர்வின் நுழைவுக் கட்டணம் ஒரு நாளைக்கு ஆளுக்கு 200 டாலர். ஜனவரி முதல் ஜூன் வரை 100. வண்டிக் கூட்டம் அதிகமாக இருக்கும்போது இரட்டிப்பு விலை கொடுத்து, அந்தக் கூட்டத்தையே படமெடுத்துக்கொண்டு வருகிறோம்.

நாட்டை முடிவு செய்வதற்கு முன்னால் மூன்று விஷயம் கேளுங்கள். வண்டி பாதையை விட்டு இறங்கலாமா? உங்கள் கண் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கும்? ஒரு விலங்கைச் சுற்றி எத்தனை வண்டி நிற்கும்?

உயரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கூரை தூக்கிய வேனில் நின்று எடுத்தால் படுத்திருக்கும் சிங்கம் மாடியிலிருந்து பார்த்த நாய் மாதிரி தெரியும். பின்னணியில் அடிவானம் இருக்காது, புல்தான் இருக்கும். பக்கவாட்டில் திறந்த வண்டியில் உட்கார்ந்து எடுத்தால் அதே சிங்கம் உங்களைப் பார்க்கும். உங்கள் போட்ஸ்வானா நண்பர் சொல்வதில் நியாயம் இருப்பது இங்கேதான். சோபே ஆற்றில் படமெடுப்பவர்களுக்கென்றே சுழலும் நாற்காலியும் லென்ஸ் தாங்கியும் பொருத்திய படகுகள் ஓடுகின்றன. தண்ணீர் குடிக்க வரும் யானையை நீர்மட்டத்திலிருந்து அண்ணாந்து எடுக்கலாம். வறட்சி முற்றும் ஆகஸ்ட், செப்டம்பரில் ஆற்றங்கரையே யானையாக இருக்கும்.

மாராவிலும் வழி உண்டு. ரிசர்வுக்கு வெளியே நபோய்ஷோ, ஓலாரே மோடோரோகி என்று கன்சர்வன்சிகள் இருக்கின்றன. மசாய் குடும்பங்களின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்துபவை. முகாம்கள் குறைவு, பாதையை விட்டு இறங்கலாம், இரவிலும் வண்டி எடுக்கலாம், ஒரு விலங்கைச் சுற்றி நாலைந்து வண்டிக்கு மேல் விடமாட்டார்கள். வாடகை அதிகம்தான். ஆனால் மூன்று ஊருக்கு அலையும் டீசல் செலவும் ஹோட்டல் செலவும் மிச்சமாகும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

நீங்கள் ஓய்வு பெற்றவர். ஆகஸ்டில்தான் போக வேண்டும் என்று ஒன்றுமில்லை. அதனால் நான் சொல்லும் இடம் பிப்ரவரியில் எண்டுட்டு, டான்சானியாவில். ஆற்றைக் கடக்கும் அதே வில்டபீஸ்ட்கள்தான், ஆனால் கன்று போடும் காலம். செரங்கெட்டியின் தென்கோடியில், ங்கோரோங்கோரோ மேட்டுநில எரிமலைகள் எப்போதோ கக்கிய சாம்பல் படிந்த சமவெளி அது. அந்த மண்ணில் மரம் வேர்பிடிக்காது, குட்டைப்புல் மட்டும் முளைக்கும். புல்லில் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரசும் அதிகம், பால்கொடுக்கும் தாய்களுக்கு அதுதான் தேவை. இரண்டு மூன்று வாரத்துக்குள் கன்றுகளில் பெரும்பகுதி பிறந்துவிடும். பிறந்த கன்று சில நிமிடங்களில் எழுந்து தாயோடு ஓடுகிறது. கூடவே சிவிங்கி, கழுதைப்புலி, சிங்கம் எல்லாம் வரும். குட்டைப்புல்லில் எதுவும் மறைந்துகொள்ள முடியாது என்பதால் ஒரு துரத்தலை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை பார்க்கலாம். செரங்கெட்டி தேசியப் பூங்காவுக்குள் பாதையை விட்டு இறங்கக் கூடாது. எண்டுட்டுவின் பெரும்பகுதி ங்கோரோங்கோரோ பாதுகாப்புப் பகுதியில் வருவதால் அங்கே இறங்கலாம். எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்று தெரிந்த ஓட்டுநராகக் கேளுங்கள்.

குறையும் சொல்லிவிடுகிறேன். மழை தப்பினால் கூட்டம் வேறு பக்கம் நகர்ந்துவிடும். சிவிங்கி ஒன்று வேட்டைக்கு எழுந்தால் இங்கேயும் வண்டிகள் சேரும். சில மதியங்கள் மழையில் போய்விடும். ஆனால் அந்த மழைமேகம் கறுத்து நிற்கும்போது முன்னால் வெயில் விழும் பத்து நிமிடம் இருக்கிறதே, அதற்காக நான் மறுபடியும் போவேன்.

ஐந்து இரவும் எண்டுட்டுவிலேயே தங்குங்கள். ஆறாவது இரவை ங்கோரோங்கோரோ பள்ளத்தின் விளிம்பில் வைத்துக்கொள்ளலாம், அது உங்கள் மனைவிக்காக. அறுநூறு மீட்டர் கீழே 260 சதுர கிலோமீட்டர் தரை, காண்டாமிருகம் உட்பட. அங்கே பாதையை விட்டு இறங்க முடியாது, விலங்குகள் தூரத்திலேயே நிற்கும், படத்துக்குப் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். ஆகஸ்டைத்தான் விட முடியாது என்றால் நமீபியாவின் எடோஷா. நம்மைப் போலவே இடதுபக்கம் ஓட்டும் நாடு, வாடகைக் காரில் நீங்களே சுற்றலாம். ஒகாகுவேயோ முகாமில் இரவு முழுக்க விளக்கெரியும் நீர்க்குட்டை உண்டு. கருப்புக் காண்டாமிருகம் அதுவாகவே வரும், நீங்கள் மதில் இந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம்.

600 வாங்காதீர்கள். 100-400 போதும், அங்கே விலங்குகள் வண்டியைக் கண்டு ஓடுவதில்லை. தூரத்தில் இருப்பதை எடுக்க நினைத்தாலும் ஒன்பது மணிக்கு மேல் கானல் அடித்துப் படம் குழைந்துவிடும், எந்த லென்ஸும் அதைக் காப்பாற்றாது. அந்தப் பணத்தில் வண்டியை உங்கள் இருவருக்கு மட்டும் பேசுங்கள். என் முதல் பயணத்தில் ஏழு பேர் வேன். காலை ஏழே முக்காலுக்கு, சிங்கக்குட்டிகள் வெயிலில் விளையாடிக்கொண்டிருக்கும்போது, பஃபே மூடிவிடுவார்கள் என்று வண்டியைத் திருப்பிவிட்டார்கள். எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: உதயத்துக்கு முன் கிளம்ப வேண்டும், காலைச் சாப்பாடு பொட்டலமாக வண்டியிலேயே. ட்ரைபாட் வேண்டாம். காலித் துணிப்பை ஒன்று தைத்து எடுத்துப் போங்கள், டான்சானியாவின் அருஷா நகரில் நாலு கிலோ அரிசி வாங்கி நிரப்பினால் ஜன்னலில் வைத்து லென்ஸைச் சாய்த்துக்கொள்ளலாம். திரும்பும்போது அரிசியை முகாம் சமையலறையில் கொடுத்துவிடலாம்.

மஞ்சள்காய்ச்சல் ஊசி கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். பயணத்துக்குப் பத்து நாளாவது முன்னால் போட்டிருக்க வேண்டும். கென்யா போய்த் திரும்புபவர்களிடம் நம் விமான நிலையத்திலேயே சான்றிதழ் கேட்பார்கள், நைரோபி வழியாகப் போவதாக இருந்தாலும் தயாராக வைத்திருங்கள். அப்புறம், உங்கள் மனைவிக்கு நல்ல பைனாகுலர் ஒன்று வாங்கிக் கொடுங்கள். நீங்கள் வியூஃபைண்டரில் ஒரு சிவிங்கியோடு மல்லுக்கட்டும்போது, அடுத்தது எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்ல ஆள் வேண்டும்.