கேரேஜில் பட்டறை: ஹீட்டர், ஒயரிங், மெஷின் பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: வீட்டு கேரேஜைத் தச்சு வேலைக்கான பட்டறையாக மாற்றியிருக்கிறேன். குளிர்காலம் வந்தால் உளியைப் பிடிக்கவே விரல் வளைவதில்லை. ஆயில் ஹீட்டர், செராமிக் ஃபேன் ஹீட்டர், இன்ஃப்ராரெட், கேஸ் ஹீட்டர் என்று கடைக்குக் கடை ஒன்றைச் சொல்கிறார்கள். எதை வாங்கினால் கரண்ட் பில் குறையும்?

பதில்: முதல் மூன்றில் எதை வாங்கினாலும் குறையாது. 2 கிலோவாட் இழுக்கும் ஹீட்டர் 2 கிலோவாட் சூட்டைத்தான் தரும். உள்ளே ஆயில் இருந்தாலும் சரி, பெட்டியில் செராமிக் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தாலும் சரி. விலை இரண்டு மடங்கு என்பதால் சூடு இரண்டு மடங்கு ஆகிவிடாது. அந்தச் சூடு உங்களிடம் எப்படி வந்து சேர்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

ஆயில் ஹீட்டர் நிதானமானது, சத்தம் போடாது, ஆனால் வேலைக்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுவைக்க வேண்டும். ஃபேன் ஹீட்டர் சீக்கிரம் சூடேற்றும். ஆனால் தச்சுப் பட்டறைக்கு அது சரிப்படாது. தரையில் கிடக்கும் மரத்தூளைக் கிளப்பும், கிளப்பியதைத் தானே உள்ளிழுக்கும். சூடான கம்பியில் தூள் பட்டுத் தீய்ந்த வாசனை வர ஆரம்பித்தால் உடனே அணைத்துவிடுங்கள். இன்ஃப்ராரெட் காற்றை விட்டுவிட்டு உங்கள் முதுகையும் மேசையையும் நேரடியாகச் சூடாக்கும். கதவு அடிக்கடி திறந்து மூடும் இடத்தில், ஒரே பெஞ்சின் முன்னால் நின்று வேலை செய்பவருக்கு அது நல்லது. ஆனால் அறை குளிர்ந்தே கிடக்கும் என்பதை மறக்க வேண்டாம். மரம் ஒட்டும் வெள்ளைப் பசைகளில் பல, சுமார் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் சரியாகப் பிடிக்காது. காய்ந்த பிறகு இணைப்பில் சுண்ணாம்புத் தூள் போல வெளுத்திருந்தால் குளிரில் ஒட்டியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். குறைந்தபட்ச வெப்பநிலை பசை டப்பாவின் பின்பக்கம் எழுதியிருக்கும், பாருங்கள்.

உண்மையிலேயே கரண்டை மிச்சப்படுத்துவது ஹீட் பம்ப், அதாவது சூடாக்கவும் தெரிந்த ஸ்பிளிட் ஏசி. வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை உள்ளே கொண்டுவருவதால் 1 யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 3 யூனிட் சூடு கிடைக்கும். கடுங்குளிரில் இந்தக் கணக்கு இறங்கும். வாங்கும் செலவும் அதிகம்தான். வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கேரேஜுக்குள் போகிறவருக்கு அந்தப் பணம் திரும்பி வராது. தினமும் மாலை வேலை செய்கிறவருக்கு வரும். வாங்கினால் ஃபில்டரை அடிக்கடி கழற்றித் தட்டுங்கள், மரத்தூள் அதைச் சீக்கிரமே அடைத்துவிடும்.

கேஸ் ஹீட்டரில், புகைபோக்கி இல்லாத ரகத்தை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். கார்பன் மோனாக்சைடு முதல் காரணம். அதற்கு வாசனை கிடையாது, தலைவலி என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஆளைச் சாய்த்துவிடும். இரண்டாவது காரணத்தைப் பலர் யோசிப்பதில்லை. 1 கிலோ புரொப்பேன் எரிந்தால் ஏறக்குறைய 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வெளிவரும். அது எங்கே போகும்? இருப்பதிலேயே குளிர்ந்த பொருளைத் தேடிப்போய்ப் படியும். உங்கள் பட்டறையில் அது டேபிள் சாவின் (மேசையில் பொருத்திய வட்ட ரம்பத்தின்) வார்ப்பிரும்பு மேசைதான். ராத்திரி பளபளவென்று விட்டுப்போன மேசையில் காலையில் விரலை வைத்தால் ஈரம், இரண்டு நாளில் செம்பழுப்புப் புள்ளிகள். கேஸ்தான் வேண்டும் என்றால் புகையை வெளியே தள்ளும் குழாயோடு வருவதை வாங்கி, ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரமும் மாட்டுங்கள். பெட்ரோல் கேனோ பைக்கோ அதே கேரேஜில் இருந்தால் இன்னும் கவனம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழும். தீப்பொறி வரக்கூடிய எந்தச் சாதனத்தையும் தரையிலிருந்து 18 அங்குலமாவது உயர்த்தி வைப்பது நல்ல வழக்கம். வார்னிஷ், தின்னர் அடிக்கும் நாளில் சுவாலையோ சிவந்த கம்பியோ உள்ள ஹீட்டரைப் போடவே வேண்டாம்.

ஆனால் ஹீட்டர் வாங்குவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். நல்ல வெயில் நேரத்தில் கேரேஜுக்குள் போய்க் கதவைச் சாத்தி, விளக்கை அணைத்துவிட்டுச் சுற்றிப் பாருங்கள். எங்கெல்லாம் வெளிச்சக் கீற்று தெரிகிறதோ அங்கெல்லாம் உங்கள் காசு வெளியே போகிறது. கதவின் அடியில் ரப்பர் பட்டை, பக்கவாட்டில் பிரஷ் பட்டை, ஜன்னல் ஓரத்தில் ஃபோம் டேப். எல்லாம் சில்லறைச் செலவு. அதற்கு அடுத்தது கூரை. சூடான காற்று மேலே போகும் என்பதால் இன்சுலேஷனை அங்கிருந்து ஆரம்பியுங்கள், சுவர் பிறகு. மேலே ஏறித் திறக்கும் கதவில் இன்சுலேஷன் பலகை ஒட்டினால் கதவின் எடை கூடும், ஸ்பிரிங்கின் சமநிலை கெடும். அந்த ஸ்பிரிங்கில் நீங்கள் கை வைக்காதீர்கள். முறுக்கிவைத்த நிலையில் அது எலும்பை உடைக்கும். கதவு வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: சார், என் கேரேஜில் ஒரே ஒரு பிளக் பாயின்ட்தான். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு டேபிள் சா, வேக்குவம், ஹீட்டர் மூன்றையும் ஓட்டுகிறேன். சா ஸ்டார்ட் ஆகும்போது பிரேக்கர் விழுந்துவிடுகிறது. பெரிய பிரேக்கராக மாற்றிவிட்டால் போதும் என்கிறார் தெரிந்த ஒருவர். மாற்றலாமா?

பதில்: மாற்றாதீர்கள். பிரேக்கர் காப்பாற்றுவது மெஷினை அல்ல, சுவருக்குள் ஓடும் ஒயரை. ஒயரை அப்படியே விட்டுவிட்டுப் பிரேக்கரை மட்டும் பெரிதாக்கினால், அடுத்த முறை பிரேக்கர் விழாது, ஒயர் எரியும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சா 1,800 வாட், வேக்குவம் 1,200, ஹீட்டர் 2,000 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 5,000 வாட். 230 வோல்ட்டில் அது 22 ஆம்பியர், 120 வோல்ட்டில் கிட்டத்தட்ட 42. எந்தச் சாதாரண பிளக் பாயின்ட்டும் இதைத் தாங்காது. போதாததற்கு மோட்டார் கிளம்பும் நொடியில் வழக்கத்தைவிட ஐந்தாறு மடங்கு கரண்டை இழுக்கும். சா தனியாக ஓடும்போதே பிரேக்கர் விழுந்தால் அந்த உதைதான் காரணமாக இருக்கும். அதற்கு எம்சிபி (நீங்கள் சொல்லும் பிரேக்கர்தான்) வாங்கும்போது ரகம் பார்க்க வேண்டும். பி ரகம் தன்மேல் எழுதியிருக்கும் ஆம்பியரின் 3 முதல் 5 மடங்கிலேயே விழுந்துவிடும், சி ரகம் 5 முதல் 10 மடங்கு வரை பொறுக்கும். அதே ஆம்பியரில் சி ரகத்துக்கு மாறுவது தவறில்லை, ஆனால் அதையும் எலெக்ட்ரீஷியன் பார்த்துச் சொல்லட்டும்.

கேரேஜுக்கென்று தனியாக ஒரு சின்ன டிபி பாக்ஸ் (பிரேக்கர்கள் இருக்கும் பெட்டி) வைப்பதுதான் சரியான தீர்வு. மெயின் போர்டிலிருந்து தடிமனான கேபிள் ஒன்று, அங்கிருந்து ஹீட்டருக்கு ஒரு சர்க்யூட், பெரிய மெஷினுக்கு ஒன்று, வேக்குவத்துக்கும் கைக்கருவிகளுக்கும் ஒன்று. விளக்குகள் கட்டாயம் தனி சர்க்யூட்டில். சா பிரேக்கரைத் தள்ளிவிடும்போது விளக்கும் சேர்ந்து அணைந்தால், இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் பிளேடின் முன்னால் கும்மிருட்டில் நிற்பீர்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் சாதனம்) வேண்டும், எர்த் ஒழுங்காக இருக்க வேண்டும். இந்த இரண்டிலும் பேரம் பேசாதீர்கள்.

பிளக் பாயின்ட்களைத் தரையிலிருந்து நாலேகால் அடி உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள். பிளைவுட் ஷீட்டின் அகலம் 4 அடி. படுக்கைவாட்டில் சுவரில் சாய்த்தால், தாழ்வாக இருக்கும் பிளக்கெல்லாம் பின்னால் போய்விடும். சுவரை உடைத்துப் புதைக்காமல் வெளியே பைப் ஓட்டுவதும் பட்டறைக்கு நல்லது. ஆறு மாதம் கழித்து மெஷினை இடம் மாற்றாத ஆளை நான் பார்த்ததில்லை.

எலெக்ட்ரீஷியனிடம் மொத்தத் தொகை மட்டும் எழுதிய சீட்டை வாங்காதீர்கள். எத்தனை சர்க்யூட், ஒவ்வொன்றுக்கும் எத்தனை ஸ்கொயர் எம்எம் கேபிள், அது காப்பரா, எம்சிபி எந்த கம்பெனி, வேலை முடிந்ததும் சோதனைச் சான்று தருவாரா என்று எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். கேபிளை ஒரு சைஸ் குறைத்துப் போட்டால் வெளியே பார்க்கத் தெரியாது. நாளைக்குத் தீ விபத்து என்றால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது அந்தச் சான்றைத்தான்.

புது லைன் வரும்வரை ஒரு நேரத்தில் ஒரு மெஷின். எக்ஸ்டென்ஷன் ஒயர் சுருட்டிய ரீலாக இருந்தால் முழுவதையும் அவிழ்த்துப் போடுங்கள். சுருளாக இருக்கும்போது உள்ளே சூடு தங்கி, பிளாஸ்டிக் உருகிவிடும்.

கேள்வி: 6 எச்பி வேக்குவம், 2.5 எச்பி கம்ப்ரசர் என்று விளம்பரம் பார்த்தேன். விலை குறைவு. நம்பலாமா?

பதில்: 1 எச்பி (குதிரைத்திறன்) என்பது 746 வாட். ஆக 6 எச்பி என்றால் ஏறக்குறைய 4,500 வாட். 120 வோல்ட், 15 ஆம்பியர் பிளக் தரக்கூடியது மொத்தமே 1,800 வாட். 230 வோல்ட், 13 ஆம்பியரில் 3,000. பிளக்கே தராத சக்தியை மெஷின் எங்கிருந்து எடுக்கும்? மோட்டார் நின்றுபோகும் தருவாயில் ஒரு கணம் காட்டும் எண்ணை அட்டைப்பெட்டியில் அச்சடிக்கிறார்கள். சின்ன எழுத்தில் ‘பீக்’ என்று போட்டிருக்கும். மெஷினின் முதுகிலோ அடியிலோ ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள், ஆம்பியர் அங்கேதான் உண்மையைச் சொல்லும்.

கம்ப்ரசரில் எச்பியையும் டேங்க் அளவையும் விட்டுவிட்டு, 90 பிஎஸ்ஐ அழுத்தத்தில் நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று வருகிறது என்று கேளுங்கள். ஆணி அடிக்கும் கன்னுக்குக் கொஞ்சம் போதும். காற்றில் ஓடும் சாண்டருக்கு (மரத்தைத் தேய்த்து வழவழப்பாக்கும் மெஷின்) 10 கன அடிக்கு மேல்கூடக் கேட்கும், சின்னக் கம்ப்ரசர் மூச்சு வாங்கும். விற்பவருக்கு அந்த எண் தெரியவில்லை என்றால் வேறு கடை பாருங்கள்.

கேள்வி: மரத்தூளுக்கு வேக்குவம் போதுமா, டஸ்ட் கலெக்டர் வேண்டுமா?

பதில்: கையில் பிடிக்கும் சாண்டருக்கு வேக்குவம் போதும். பிளேனருக்குக் கலெக்டர் வேண்டும், அது தள்ளும் சீவல் வேக்குவத்தின் குழாயை அடைத்துவிடும். எதை வாங்கினாலும் ஃபில்டர் எத்தனை மைக்ரான் வரையுள்ள தூளைப் பிடிக்கும் என்று பாருங்கள். விலை குறைந்த கலெக்டர்களோடு வரும் 30 மைக்ரான் துணிப்பை, நுரையீரலுக்குள் போகக்கூடிய நுண்ணிய தூளை அப்படியே அறைக்குள் திருப்பி ஊதிவிடும். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் இருப்பது, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது. முகக்கவசம் எப்படியும் போடுங்கள்.

கேள்வி: பழைய டேபிள் சா ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. வாங்கலாமா? என்ன பார்க்க வேண்டும்?

பதில்: வார்ப்பிரும்பு மேசையோடு வரும் பழைய சா, அதே விலைக்குக் கிடைக்கும் புது அலுமினிய சாவைவிடப் பல நேரம் மேல். மேல்துரு பயமில்லை, எண்ணெயும் உப்புத்தாளும் போதும். வெடிப்பு இருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளேடைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் பேரிங் போயிருக்கிறது. அது பெரிய செலவில்லை, ஆனால் பேரம் பேச உதவும். பிறகு ஓடவிட்டு, சத்தம் சரியாக இருக்கிறதா என்று கவனியுங்கள். பிளேடுக்குப் பின்னால் நிற்கும் ரைவிங் கத்தியும் (அறுத்த மரம் பிளேடை நெருக்காமல் தடுக்கும் தகடு) மேல் மூடியும் இருக்கிறதா? பழைய மாடல்களுக்கு அவை தனியாகக் கிடைப்பது கஷ்டம். கரண்ட் போய்த் திரும்பும்போது தானாக ஓட ஆரம்பிக்கும் பழைய சுவிட்ச் என்றால், அதை நோ-வோல்ட் சுவிட்சாக மாற்றும் செலவையும் விலையில் கழியுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் மோட்டார் தகட்டைப் படியுங்கள். 3 பேஸ் என்றிருந்தால் அதுதான் மலிவுக்குக் காரணம். வீட்டு சிங்கிள் பேஸில் அதை ஓட்ட விஎஃப்டி (சிங்கிள் பேஸ் கரண்டை 3 பேஸாக மாற்றித் தரும் பெட்டி) ஒன்று வேண்டும். மோட்டாரின் எச்பிக்குப் பொருத்தமான விஎஃப்டி என்ன விலை என்று விசாரித்து, அதைக் கூட்டிய பிறகும் லாபம் என்றால் மட்டும் வண்டியை எடுத்துக்கொண்டு போங்கள்.