இடைக்கால ஸ்பெயினின் அரசவைகளில் கவிதைக்கு உண்மையிலேயே அரசியல் பலம் இருந்ததா?

இருந்தது, ஆனால் ஒரு எல்லை வரைக்கும்தான். அந்த எல்லையை எனக்குக் காட்டியவர் செவில்லாவின் அரசர் முஃதமித். பல வருடங்களாக அவருடைய கவிதைகளை மொழிபெயர்ப்பில் படித்து வருகிறேன். அரபி தெரியாமல் போனதே என்ற வருத்தம் ஒவ்வொரு முறையும் வரும்.

1031இல் கொர்தோபாவின் கலீஃபா ஆட்சி முடிந்து, முஸ்லிம் ஸ்பெயின் பல சிற்றரசுகளாக உடைந்தது. தன் அவைதான் பெரியது என்று ஒவ்வொரு சிற்றரசரும் காட்டியாக வேண்டும்; அதற்குப் பெயர்பெற்ற கவிஞர்கள் வேண்டும். வடக்கே காஸ்தில் மன்னர் ஆறாம் அல்போன்சோ, இவர்களுடைய சண்டையைப் பயன்படுத்தி ஆளாளுக்கு மிரட்டிப் பொன்னாகக் கப்பம் வாங்கிக்கொண்டிருந்தார்.

இப்னு அம்மார் இந்தச் சூழலில்தான் வருகிறார். ஏழைக் குடும்பம், கையில் கவிதை மட்டும். முஃதமிதின் தந்தையைப் புகழ்ந்து பாடி அவையில் நுழைந்தார். இளவரசரின் உயிர் நண்பரானார். 1069இல் முஃதமித் அரசரானதும் அமைச்சராகவே ஆகிவிட்டார். அல்போன்சோ படையோடு வந்தபோது அவரைச் சதுரங்கத்தில் வென்று, பந்தயப்படி திரும்பிப் போகச் சொன்னார் என்று 13ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் மர்ராகுஷி எழுதுகிறார். சுவையான கதை. ஆனால் அதே கதையில் அல்போன்சோ அந்த வருடக் கப்பத்தை இரண்டு மடங்காக வாங்கிக்கொண்டுதான் போகிறார்.

அப்புறம் நண்பர்களுக்குள் பகை மூண்டது. முர்சியாவைப் பிடிக்கப் போன இப்னு அம்மார், அங்கே தானே அரசர் போல நடக்கத் தொடங்கினார். போதாததற்கு முஃதமிதையும் அவர் மனைவி இஃதிமாதையும் இழிவுபடுத்தி ஒரு வசைக்கவிதை எழுதினார். அவர் கைப்பட எழுதிய பிரதியே செவில்லாவுக்கு வந்து சேர்ந்தது. கடைசியில் பிடிபட்டு, விலைக்கு விற்கப்பட்டு, முஃதமிதின் சிறைக்கு வந்தார். அங்கிருந்து அவர் எழுதிய மன்றாட்டுக் கவிதைகளில் அரசரின் மனம் இளகியது. மன்னிப்பு கிடைத்துவிடும் என்று இப்னு அம்மார் அவசரப்பட்டு வெளியே எழுதிவிட, செய்தி பரவியது. கொதித்துப்போன முஃதமித் தன் கையாலேயே கோடரியால் வெட்டிக் கொன்றார். அவரை உயர்த்தியதும் கவிதை, சாவுக்கு இழுத்துப் போனதும் கவிதை.

1085இல் டொலேடோ அல்போன்சோவிடம் விழுந்தது. இனி வேறு வழியில்லை என்று முஃதமித் மொராக்கோவை ஆண்ட பெர்பர் அரசமரபான முராபித்துகளின் தலைவர் யூசுஃப் இப்னு தாஷ்ஃபீனை உதவிக்கு அழைத்தார். அல்போன்சோவிடம் பன்றி மேய்ப்பதைவிட யூசுஃபிடம் ஒட்டகம் மேய்ப்பது மேல் என்று அப்போது அவர் சொன்னதாக ஒரு வழக்கு உண்டு. 1086 அக்டோபரில் ஸல்லாக்கா போரில் அல்போன்சோ தோற்றார்.

யூசுஃபின் தாய்மொழி பெர்பர். கவிஞர்கள் அவரை அரபியில் புகழ்ந்து பாடியதும், "புரிந்ததா?" என்று முஃதமித் கேட்க, "புரியவில்லை, ஆனால் ரொட்டி கேட்கிறார்கள் என்று தெரிகிறது" என்றாராம். இதைச் சொன்ன எழுத்தாளர் ஷகுந்தி அந்தலூஸ்காரர், அதாவது முஸ்லிம் ஸ்பெயினைச் சேர்ந்தவர். யூசுஃபை மட்டம்தட்டச் சொன்னதாகவும் இருக்கலாம். எனக்கென்னவோ இதில் யூசுஃப்தான் தெளிவாகப் பேசியதாகத் தோன்றுகிறது. 1091இல் அதே யூசுஃபின் படைகள் செவில்லாவைப் பிடித்தன. முஃதமிதைக் குடும்பத்தோடு மராகேஷ் அருகே அக்மாத் என்ற ஊருக்குக் கொண்டுபோய்ச் சிறைவைத்தார்கள். 1095இல் அங்கேயே இறந்தார்.

கடைசியாக ஒன்று சொல்ல வேண்டும். செவில்லாவில் பெண்கள் செங்கலுக்குச் சேறு மிதிப்பதைப் பார்த்த இஃதிமாத், தானும் மிதிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாராம். முஃதமித் அரண்மனை முற்றத்தில் கஸ்தூரி, கற்பூரம், பன்னீர் எல்லாம் குழைத்துச் சேறாக்கிக் கொடுத்தார் என்பார்கள். அக்மாத்தில் ஒரு பெருநாளன்று மகள்கள் முஃதமிதைப் பார்க்க வந்தார்கள். கந்தல் உடை, பசி, கூலிக்கு நூல் நூற்கும் பிழைப்பு. பேரீச்சங்கொட்டையின் மேல்தோல் அளவுகூட அவர்களிடம் எதுவும் இல்லை என்று எழுதுகிறார். கஸ்தூரியையும் கற்பூரத்தையும் ஒருநாளும் மிதித்தறியாத கால்கள் போல, வெறுங்காலோடு சேற்றில் நடக்கிறார்கள் என்று பின்னால் ஒரு வரி. அதைப் படித்த நாளில் எனக்கு வேறு எதுவும் படிக்க ஓடவில்லை.