புகார் அப்புறம், அந்த அனுபவக் கடிதம் முதலில்

கேள்வி: நான் பெங்களூருவில் பி.பி.டி. முடித்த பிசியோதெரபிஸ்ட். கம்மனஹள்ளியில் ஒரு நர்சிங் ஹோமில் ஒன்றரை வருடம் வேலை பார்த்தேன். குழந்தை பிறந்த பிறகு வீடுகளுக்குப் போய் சிகிச்சை கொடுக்கிறேன். எட்டே மாதத்தில் இங்கிலாந்துப் பதிவும் வேலையும் வாங்கித் தருவதாகச் சொன்ன ஒரு ஏஜென்டிடம், நகையை அடகு வைத்து 5.80 லட்சம் கொடுத்தோம். 2 லட்சம் கூகுள் பே, மீதி ரொக்கம். முதல் பணம் கொடுத்து 14 மாதம் ஆகிவிட்டது. போனை எடுப்பதில்லை. நேரில் கேட்கப் போன என் கணவரைக் கேவலமாகப் பேசி அனுப்பினார். இப்போது விண்ணப்ப நகலைப் பார்த்தால், நான் கால் வைத்தே இராத ஒரு மருத்துவமனையில் மூன்று வருடம் வேலை பார்த்ததாக ஒரு கடிதம் இருக்கிறது. அவரை உள்ளே தள்ள வேண்டும். எந்தப் பிரிவில் புகார் கொடுப்பது?
பெயர் வேண்டாம், பெங்களூரு

பதில்: சகோதரி, நகை, நாத்தனார் வீட்டுப் பேச்சு, கணவருக்கு நடந்த அவமானம், அதே ஏஜென்ட் மூலம் போன தோழிக்கு எல்லாம் நடந்துவிட்டது என்ற ஆற்றாமை, எல்லாவற்றையும் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் வழக்கு அதில் இல்லை. நீங்கள் இணைத்திருந்த ஒரு ஸ்கிரீன்ஷாட்டில் இருக்கிறது. ஏஜென்ட் கேட்கிறார்: "மேடம், எக்ஸ்பீரியன்ஸ் கம்மியா இருக்கு, ஒரு லெட்டர் சேர்த்துடலாமா?" கீழே உங்கள் பதில்: "சரி சார், நீங்களே பாத்து போட்டுடுங்க."

அந்த ஒரு வரியை வைத்துத்தான் உங்களுக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. விண்ணப்பம் உங்கள் பெயரில் போயிருக்கிறது. உள்ளே இருப்பதெல்லாம் உண்மை என்ற உறுதிமொழியும் உங்கள் பெயரில்தான். மின்னஞ்சலும் பாஸ்வேர்டும் ஏஜென்ட் கையில் இருந்தது என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இங்கிலாந்தின் பதிவுக் கவுன்சிலான எச்.சி.பி.சி. கேள்வி கேட்பது ஏஜென்டை அல்ல, உங்களை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், மனசு வலிக்கும். அந்தக் கடிதம் உங்களுக்குத் தேவையே இருக்கவில்லை. பதிவுக்கு விண்ணப்பிக்க இத்தனை வருட அனுபவம் இருந்தே தீர வேண்டும் என்று எச்.சி.பி.சி. விதி வைக்கவில்லை. படிப்பு, பயிற்சி, அனுபவம் மூன்றையும் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். உங்களுடைய ஒன்றரை வருட நர்சிங் ஹோம் வேலையையும், வீடு வீடாகப் போய்ப் பார்த்த சிகிச்சையையும் அப்படியே காட்டியிருக்கலாம். இல்லாத ஒரு குறையைச் சொல்லி, அதற்கு ஒரு பொய்யை உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்.

சரி, புகார். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 318(4) மோசடிக்கு. 336, 340 பொய் ஆவணம் தயாரித்ததற்கும் அதைப் பயன்படுத்தியதற்கும். பிரிவுகள் இருக்கின்றன. நான் கவலைப்படுவது அதற்கு அடுத்த வாரத்தைப் பற்றி. இந்த மாதிரி வழக்குகளில் வந்தவர்கள் பலர், என்னிடம் வருவதற்கு முன்பே ஆத்திரத்தில் ஸ்டேஷனுக்குப் போய், "எனக்காகப் போலிக் கடிதம் தயாரித்தார்" என்று தங்கள் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர்கள். ஏஜென்டின் வக்கீல் வேறொன்றும் செய்ய வேண்டாம். உங்கள் "சரி சார்" வரியை எடுத்து வைப்பார். புகார் கொடுத்தவரே உடந்தை என்று ஆகிவிடும். 340-ஆம் பிரிவு கடிதத்தைத் தயாரித்தவரை மட்டும் தொடாது, பொய் என்று தெரிந்தே அதைப் பயன்படுத்தியவரையும் தொடும்.

இதற்குப் பயந்து வாயை மூடிக்கொண்டு, பதிவு வந்தால் வரட்டும் என்று உட்கார்ந்திருப்பவர்கள் இன்னொரு ரகம். அது இதைவிட மோசம். மோசடியாகப் பெற்ற பதிவு என்று தெரியவந்தால், அங்கே போய் வேலையில் சேர்ந்து வருடங்கள் ஆன பிறகும் உங்கள் பெயரை நீக்க எச்.சி.பி.சி.க்கு அதிகாரம் உண்டு. பிசியோதெரபிஸ்ட் என்பது அங்கே சட்டப் பாதுகாப்பு உள்ள பட்டம். பதிவு போனால் அந்தப் பெயரில் தொழில் செய்வதே குற்றம். அதே கடிதம் விசா விண்ணப்பத்துக்குள்ளும் போய், ஏமாற்று என்று முடிவானால், 10 ஆண்டுகளுக்கு விசா கிடைக்காமல் போகலாம். அப்புறம் கனடாவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ விண்ணப்பித்தால், வேறு நாட்டில் விசா மறுக்கப்பட்டதா என்று அங்கேயும் கேட்பார்கள். தோழிக்குக் கிடைத்துவிட்டது என்பதை நினைத்து ஏங்காதீர்கள். அவர் கோப்பு இன்னும் மூடவில்லை என்றே நான் சொல்வேன்.

ஆகவே முதல் வேலை எச்.சி.பி.சி.க்கு எழுதுவது. உங்கள் சொந்த மின்னஞ்சலிலிருந்து, பாஸ்போர்ட் நகலோடு. இன்ன மருத்துவமனையின் கடிதம் உண்மையல்ல, அங்கே நான் வேலை பார்க்கவில்லை, விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று சுருக்கமாக. "எனக்குத் தெரியவே தெரியாது" என்று மட்டும் எழுதாதீர்கள். அந்த உரையாடல் உங்களிடம் இருப்பதுபோல் ஏஜென்டிடமும் இருக்கிறது. இந்தக் கடிதத்தை நீங்களாக எழுதி அனுப்பிவிட வேண்டாம். ஒரு வக்கீல் ஒவ்வொரு வார்த்தையையும் பார்த்த பிறகு போகட்டும். பின்னால் மறுபடி விண்ணப்பிக்கும்போது இதைப் பற்றிக் கேள்வி வரத்தான் செய்யும். ஆனால் தானே முன்வந்து சொன்னவருக்கு வரும் கேள்வி வேறு, பிடிபட்டவருக்கு வரும் கேள்வி வேறு. இது முடிந்துவிட்டால் உங்களை மிரட்ட ஏஜென்டிடம் எதுவும் மிச்சமில்லை. அதுவரை ஒவ்வொரு பேச்சுவார்த்தையிலும் கடிவாளம் அவர் கையில்தான்.

பிறகு பணம். இங்கே ஒளிவு மறைவில்லாமல் சொல்கிறேன்: ரொக்கமாகக் கொடுத்த 3.80 லட்சத்துக்கு உங்களிடம் ரசீது இல்லை. 2 லட்சத்துக்குக் கொடுத்த ரசீதில் "ஆவணத் தயாரிப்பு மற்றும் ஆலோசனைக் கட்டணம்" என்று போட்டிருக்கிறார், வேலை என்ற சொல்லே இல்லை. இவர்கள் எல்லோருமே இப்படித்தான் தப்பிக்கிறார்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். வேலைக்குப் போகிறவரிடம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் தவிர வாங்கக் கூடாது. பதிவு இருக்கிறதா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்திலேயே பார்க்கலாம். ஆனால் வேலை வாங்கித் தருவதாகச் சொன்னார் என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும். அவர் அனுப்பிய குரல் பதிவுகள், "எட்டு மாதத்தில் ஜாப்" என்ற விளம்பரம், கணவருக்கு வந்த மெசேஜ்கள், எல்லாம் அந்த போனிலேயே இருக்கட்டும். போனை மாற்றாதீர்கள், விற்காதீர்கள். நீதிமன்றத்தில் மின்னணுச் சாட்சியத்துக்குச் சான்று கொடுக்க அந்த போன் வேண்டும்.

என் கருத்தைக் கேட்டால், சமாதானமாகப் போங்கள். மூன்று, மூன்றரை லட்சத்துக்கு ஆள் இறங்கி வந்தால் வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள். கேட்க ஆறுதலாக இருக்காது. ஆனால் கிரிமினல் வழக்கு ஆளை அலைக்கழிக்கும், பணத்தைக் கையில் தராது. உங்கள் வயதில் வருடங்கள்தான் விலை அதிகம்.

சமாதானத்திலும் ஒரு பள்ளம் இருக்கிறது, அதில் விழுந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முத்திரைத் தாளில் ஒரு பேப்பர் நீட்டுவார்கள். பணம் திரும்பக் கிடைத்தது என்பதோடு நடுவில் ஒரு வரி: "விண்ணப்பத்துடன் இணைத்த ஆவணங்கள் அனைத்தும் என்னால் கொடுக்கப்பட்டவை." பணம் வருகிற சந்தோஷத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். அத்தோடு பொய்க் கடிதத்தின் முழுப் பொறுப்பும் கையெழுத்துப் போட்டவர் தலையில். அந்த வரி இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். புகார் கொடுக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுப்பதும் வேண்டாம். பொய் ஆவணக் குற்றம் இரு தரப்பும் பேசி முடித்துக்கொள்ளக் கூடியது அல்ல. பணத்தைப் பற்றி மட்டும் எழுதுங்கள். பின்தேதியிட்ட காசோலையை ஏற்காதீர்கள். அது பணமில்லாமல் திரும்பினால் நோட்டீஸ், செக் பவுன்ஸுக்கான 138-ஆம் பிரிவு வழக்கு என்று இன்னொரு அலைச்சல் தொடங்கும். டி.டி. அல்லது ஆர்.டி.ஜி.எஸ்., கணக்கில் ஏறிய பிறகு கையெழுத்து.

இறங்கி வரவில்லையா? வக்கீல் நோட்டீஸில் 15 நாள் கெடு கொடுத்து, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். நீங்கள் பெங்களூருவில் வசிப்பதால் இங்கேயே போடலாம். 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை கட்டணம் 200 ரூபாய்தான். 2 வருடக் கெடு இருக்கிறது, 14 மாதம் போய்விட்டது என்பதை மறக்காதீர்கள். அங்கேயும் அவர் போலிக் கடிதத்தைக் கிளப்புவார், கிளப்பட்டும். எச்.சி.பி.சி.க்கு நீங்கள் ஏற்கெனவே எழுதிவிட்ட விஷயம் அது.

கடைசிப் பக்கத்தில், பட்டச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியல்களும் அசலாகவே அவரிடம் இருப்பதாகப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். பணப் பேச்சைத் தொடங்கும் முன் அவற்றைக் கையில் வாங்குங்கள், வாங்கும்போது கணவரோடு வேறொருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். தர மறுத்தால் அதற்கு மட்டும் அன்றைக்கே ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கலாம். அந்தப் புகாரில் அனுபவக் கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் வர வேண்டிய அவசியம் இல்லை.