ஹெட்லைட் மங்கினால் முதலில் வாங்க வேண்டியது மீட்டர்

கேள்வி: என் காருக்கு இருபது வயதாகிறது. இரவில் சிக்னலில் நின்றால் ஹெட்லைட் மங்குகிறது, ஆக்சிலரேட்டரை மிதித்தால் தெளிகிறது. மேடு பள்ளத்தில் இறங்கி ஏறும்போது இரண்டு விளக்கும் கண் சிமிட்டுகின்றன. போன மாதம் புது பேட்டரி போட்டேன், ஒரு மாற்றமும் இல்லை. ஒரு மெக்கானிக் ஆல்டர்னேட்டரை மாற்றச் சொல்கிறார். இன்னொருவர் எல்இடி பல்பு போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். எதை வாங்குவது?

பதில்: இப்போதைக்கு வோல்டேஜ் அளக்க ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள், சாதாரணமானதே போதும். பேட்டரி விஷயத்தில் ஏற்கெனவே ஊகத்துக்குச் செலவு செய்துவிட்டீர்கள். ஆல்டர்னேட்டரிலும், அதாவது என்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் பாகத்திலும், அதையே செய்ய வேண்டாம். நான் செய்திருக்கிறேன். ஆல்டர்னேட்டரை மாற்றிய பிறகும் விளக்கு அதே மாதிரி மங்கியது. கடைசியில் பார்த்தால், என்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டையின் போல்ட்டுக்கடியில் துருவும் களிம்பும்.

நீங்கள் சொல்வது இரண்டு கோளாறுகள். நிற்கும்போது மங்குவது ஒன்று, குலுங்கும்போது சிமிட்டுவது இன்னொன்று. முதலாவது ஓரளவுக்குப் பழைய வண்டியின் இயல்பு. என்ஜின் மெதுவாகச் சுற்றும்போது ஆல்டர்னேட்டர் தன் முழுத் திறனைத் தராது. ஃபேன், கண்ணாடி ஹீட்டர் எல்லாம் சேர்ந்து இழுத்தால் விளக்கு கொஞ்சம் தணியத்தான் செய்யும். ஆனால் சாலையே தெரியாத அளவுக்கு மங்கினால் அது இயல்பு இல்லை.

மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஓர் இரவு முழுக்க நின்ற வண்டியில், பேட்டரியின் இரண்டு முனைக்கும் நடுவே 12.6 வோல்ட் காட்ட வேண்டும். அப்புறம் என்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டு, ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தபடி பாருங்கள். 13.8 முதல் 14.4 வரை நிலையாக நின்றால் ஆல்டர்னேட்டர் தன் வேலையைச் செய்கிறது, அதை மாற்றச் சொன்னவருக்கு நன்றி சொல்லிவிட்டு நகருங்கள். 13-க்குக் கீழேயே தங்கினால் முதலில் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறதா என்று பாருங்கள். 15-ஐத் தாண்டினாலோ எண் ஏறி இறங்கி ஆடினாலோ சந்தேகம் வோல்டேஜைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டர் மேலும், ஆல்டர்னேட்டரின் சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கடத்தித் தேய்ந்துபோன கார்பன் பிரஷ் மேலும் விழ வேண்டும். பல பழைய ஆல்டர்னேட்டர்களில் இந்த இரண்டையும் தனியாக மாற்றலாம். முழு யூனிட்டுக்குப் பணம் கட்டும் முன் அதைக் கேளுங்கள்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். என்ஜின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றி "டைனமோ வேலை செய்கிறதா பார்" என்று ஆல்டர்னேட்டரைச் சோதிப்பது இன்னும் சில இடங்களில் நடக்கிறது. பேட்டரி இல்லாத நொடியில் வோல்டேஜ் தாறுமாறாக எகிறி, நன்றாக இருந்த ரெகுலேட்டரும் வண்டியின் கம்ப்யூட்டரும் போய்விடலாம்.

பேட்டரியில் 14 வோல்ட் இருக்கிறது, சரி. பல்புக்கு எவ்வளவு போய்ச் சேர்கிறது? பழைய வண்டியில் இந்தக் கேள்விதான் முக்கியம், பெரும்பாலும் யாரும் கேட்காததும் இதுதான். பல மாடல்களில் ஹெட்லைட்டின் மொத்த மின்சாரமும் ஸ்டியரிங் பக்கத்து ஸ்விட்ச் வழியாகவே போய்வருகிறது. இரண்டு 55 வாட் பல்புக்குக் கிட்டத்தட்ட 9 ஆம்பியர். இருபது வருடம் அந்தச் சுமையைத் தாங்கிய ஸ்விட்சின் உள்ளே கருகல் இருக்கும், கனெக்டர்களில் பச்சைக் களிம்பு இருக்கும். ஒவ்வோர் இணைப்பும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். ஹாலஜன் பல்பின் ஒளி வோல்டேஜைவிட வேகமாகச் சரியும். பத்து சதவீத வோல்டேஜ் குறைந்தால் ஒளியில் ஏறக்குறைய முப்பது சதவீதம் போய்விடும். ஒன்றரை வோல்ட் வழியில் தொலைந்தால் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் இல்லை. புது பேட்டரி இதை எப்படிச் சரிசெய்யும்?

அளப்பது சுலபம். விளக்கு எரியும்போதே, பல்பு மாட்டியபடியே, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பிளஸ்ஸிலும் மறு முனையைப் பல்பு ஹோல்டரின் பின்பக்கத்தில் பிளஸ் வயர் நுழையும் இடத்திலும் வையுங்கள். மீட்டர் காட்டுவதுதான் வழியில் தொலைந்த வோல்டேஜ். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் பரவாயில்லை. அதே மாதிரி ஹோல்டரின் எர்த் பின்னுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே பாருங்கள், 0.2-க்கு மேல் போகக்கூடாது. பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரின் பிளஸ்ஸுக்கும் எர்த்துக்கும் நடுவே அளந்தால் முழு 12 வோல்ட்டும் காட்டி ஏமாற்றும், ஏனென்றால் மின்சாரம் ஓடாதபோது வழியில் எதுவும் தொலையாது. வயரிங் நன்றாக இருக்கிறது என்று பலர் தப்பாக முடிவுகட்டுவது இப்படித்தான்.

இனி கண் சிமிட்டல். ஒரு விளக்கு மட்டும் சிமிட்டினால் அந்தப் பக்கத்து ஹோல்டரையோ எர்த்தையோ பார்த்தால் போதும். உங்களுக்கு இரண்டும் சேர்ந்து சிமிட்டுகின்றன, ஆகவே பழுது இரண்டுக்கும் பொதுவான பாதையில் இருக்கிறது: பேட்டரி டெர்மினல், எர்த் பட்டை, ஃபியூஸ், லைட் ஸ்விட்ச். புது பேட்டரி போடும்போது டெர்மினலைச் சரியாக இறுக்காமல் விட்டிருக்கலாம், கையால் அசைத்துப் பாருங்கள். பிறகு விளக்கைப் போட்டுவிட்டு ஒருவரை முன்னால் நிற்கவைத்து, வயர்களையும் ஸ்விட்சையும் ஒவ்வொன்றாக ஆட்டுங்கள். எங்கே ஆட்டும்போது சிமிட்டுகிறதோ அங்கேதான் லூஸ் கான்டாக்ட். எர்த் போல்ட்டைத் தொடும் முன் பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, உப்புத்தாளால் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து இறுக்குங்கள்.

வழியில் தொலைவது அதிகம் என்றால் உண்மையில் வாங்க வேண்டியது ரிலே செட். ரிலே என்பது சிறு மின்சாரத்தால் இயங்கிப் பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடும் ஸ்விட்ச். உங்கள் லைட் ஸ்விட்ச் ரிலேவை மட்டும் இயக்கும், பல்புக்கான மின்சாரம் பேட்டரியிலிருந்து குட்டையான தடித்த வயரில் நேராக வரும். வாங்கும்போது வயரின் நுனியைச் சுரண்டிப் பாருங்கள். வெளியே செம்பு நிறமும் உள்ளே வெள்ளையும் என்றால் அது செம்பு பூசிய அலுமினியம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் இல்லாத செட்டும் வேண்டாம்.

எல்இடி பல்பைப் பொறுத்தவரை எனக்குப் பிடிவாதமான கருத்து உண்டு. ஹாலஜனுக்காக வடித்த ரிஃப்ளெக்டரில் எல்இடியைச் சொருகினால் ஒளி சிதறி எதிரே வருபவர் கண்ணைக் கூசும், பல நாடுகளில் அதற்கு அனுமதியும் இல்லை. லூஸ் கான்டாக்ட் இருந்தால் எல்இடியும் சிமிட்டத்தான் செய்யும். 100 வாட் பல்பு இன்னும் மோசம், ஏற்கெனவே திணறும் ஸ்விட்சையும் ஹோல்டரையும் உருக்கிவிடும்.

ஆல்டர்னேட்டரைத்தான் மாற்ற வேண்டியிருந்தால், மாற்றுவதற்கு முன்னும் பின்னும் உள்ள வோல்ட் அளவை பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: என் பழைய பைக்கில் நின்றால் விளக்கு மங்குகிறது, முறுக்கினால் எரிகிறது. பேட்டரியை மாற்றலாமா?

பதில்: வேண்டாம். பல பழைய சிறு பைக்குகளில் ஹெட்லைட் பேட்டரியிலிருந்து எரிவதில்லை, என்ஜின் சுற்றும்போது மின்சாரம் உண்டாக்கும் மேக்னெட்டோ காயிலிலிருந்து நேராக ஏசி மின்சாரத்தில் எரிகிறது. என்ஜின் வேகம்தான் வெளிச்சம். என்ஜினை நிறுத்திவிட்டு சாவியை மட்டும் போட்டுப் பாருங்கள். ஹெட்லைட் எரியவில்லை, ஆனால் ஹாரன் அடிக்கிறது என்றால் உங்களுடையதும் பெரும்பாலும் அந்த ரகம்தான். முறுக்கும்போது அளவுக்கு மீறிப் பிரகாசித்துப் பல்பு அடிக்கடி போனால் மட்டும் ரெகுலேட்டரை மாற்றுங்கள்.

கேள்வி: வோல்டேஜ் எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனாலும் வெளிச்சம் போதவில்லை. லைட் அசெம்பிளியையே மாற்ற வேண்டுமா?

பதில்: மஞ்சள் பூத்திருப்பது வெளிப்பக்கத்து பிளாஸ்டிக் மட்டும் என்றால் பாலிஷ் போதும். ஆனால் பாலிஷுக்குப் பிறகு புறஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு போடாவிட்டால் சீக்கிரமே பழையபடி ஆகிவிடும். உள்ளே ரிஃப்ளெக்டரின் வெள்ளிப் பளபளப்பு உரிந்திருந்தால் பாலிஷுக்கு வழியில்லை, அசெம்பிளியை மாற்றத்தான் வேண்டும். அதைத் துணியால் துடைத்துப் பார்க்காதீர்கள், மெல்லிய அலுமினியப் பூச்சு துணியோடு வந்துவிடும். புதுப் பல்பு மாட்டும்போது கண்ணாடியை வெறும் விரலால் தொட வேண்டாம், தொட்டுவிட்டால் ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு மாட்டுங்கள்.