கிடங்கு வாசலில் தொங்கும் ‘412 நாட்கள்’ பலகை

கேள்வி: மலேசியாவில் பினாங்கின் பிறை தொழிற்பேட்டையில் உள்ள ஒரு ரசாயனக் கிடங்கில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். மொத்தம் 30 பேர் வேலை செய்கிறோம். அமிலம், காஸ்டிக் சோடா, ப்ளீச் நீர், எளிதில் தீப்பற்றும் கரைப்பானான டொலுவீன் ஆகியவற்றை டிரம்களிலும் 1,000 லிட்டர் தொட்டிகளிலும் வைத்திருந்து வாடகை லோரிகளில் அனுப்புகிறோம். வாசலில் ‘விபத்து இல்லாத 412 நாட்கள்’ என்று ஒரு பலகை தொங்குகிறது. 500 நாட்களைத் தொட்டால் ஆளுக்கு 300 ரிங்கிட் தருவதாக முதலாளி சொல்லியிருக்கிறார். போன வாரம் நேபாளத் தொழிலாளர் ஒருவர், முன்கையில் காஸ்டிக் சோடா பட்ட புண்ணை நீளக்கைச் சட்டையால் மறைத்திருந்ததைப் பார்த்தேன். கேட்டதற்கு, “என்னால் எல்லாருடைய பணமும் போய்விடும்” என்றார். இதற்கிடையில் பாயான் லெப்பாஸில் உள்ள வாடிக்கையாளர் நிறுவனம் எங்களிடம் மூன்று ஆண்டுப் பாதுகாப்புச் செயல்திறன் அறிக்கை கேட்டிருக்கிறது. விபத்து பூஜ்யம் என்று எழுதிக் கொடுத்துவிடலாமா?

பதில்: அறிக்கை இருக்கட்டும், முதலில் அந்தக் கையைக் கவனியுங்கள். அமிலம் பட்டால் உடனே சுரீர் என்று எரியும், ஆளும் தண்ணீரைத் தேடி ஓடுவார். காஸ்டிக் சோடா அப்படியல்ல. தொடக்கத்தில் வலி குறைவாக இருந்தாலும் அது தோலைக் கரைத்துக்கொண்டு ஆழமாக இறங்கும். ஒரு வாரம் சட்டைக்குள் மூடி வைத்த புண்ணை மருத்துவர் இன்றே பார்த்தாக வேண்டும். வெளிநாட்டுத் தொழிலாளர்களும் 2019 ஜனவரி முதல் பெர்கேசோ என்னும் சமூகப் பாதுகாப்பு அமைப்பின் வேலையிட விபத்துக் காப்பீட்டின் கீழ் வருகிறார்கள். விபத்து முதலாளிக்குத் தெரியவந்த 48 மணி நேரத்துக்குள் பெர்கேசோவுக்கு அறிவிக்க வேண்டும். மருத்துவர் கொடுக்கும் விடுப்பு நான்கு நாட்களைத் தாண்டினால், 2004-ஆம் ஆண்டு வேலையிட விபத்து அறிவிப்பு விதிமுறைகளின்படி ஏழு நாட்களுக்குள் வேலையிடப் பாதுகாப்பு சுகாதாரத் துறைக்கும் அறிக்கை போக வேண்டும். அந்தத் தொழிலாளரிடம் இதையெல்லாம் அவருக்குப் புரியும் மொழியில், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். அவர் தவறு செய்யவில்லை. சக தொழிலாளர்களின் 300 ரிங்கிட்டைக் காப்பாற்ற நினைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். பூஜ்யம் என்று எழுதக் கூடாது. அது உண்மையல்ல என்பது உங்களுக்கே தெரிந்துவிட்டது. ஒருவேளை உண்மையாகவே இருந்தாலும் அந்தப் பூஜ்யத்தில் சொல்வதற்கு அதிகம் இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 பேர், ஆளுக்கு ஆண்டுக்கு 2,400 மணி நேரம் என்றால் 72,000 மணி நேரம். விபத்து விகிதத்தைப் பத்து லட்சம் வேலை மணி நேரத்துக்கு எத்தனை என்றுதான் கணக்கிடுகிறோம். ஒருவர் காயப்பட்டால் உங்கள் விகிதம் 13.9, யாரும் காயப்படாவிட்டால் 0. நடுவில் எந்த எண்ணுக்கும் இடமில்லை. ஒருவர் படியில் வழுக்கி விழுந்தாரா இல்லையா என்பதை வைத்து ஒரு ரசாயனக் கிடங்கின் தரத்தை அளந்துவிட முடியாது. சிறிய நிறுவனத்தில் பூஜ்யம் என்பது பெரும்பாலும் அதிர்ஷ்டத்தின் கணக்கு.

பெரிய நிறுவனங்களே இதில் ஏமாந்திருக்கின்றன. 2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டியில் பிபி எண்ணெய் நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலை வெடித்து 15 பேர் இறந்தார்கள். அதன் பிறகு முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கர் தலைமையில் அமைந்த குழு 2007-இல் அறிக்கை தந்தது. தனிநபர் காயங்களின் எண்ணிக்கையை வைத்தே பாதுகாப்பை அளந்ததால், ஆலைக்குள் வளர்ந்துகொண்டிருந்த பெரிய ஆபத்து நிர்வாகத்தின் கண்ணுக்குத் தெரியாமல் போனது என்பது அதன் முக்கியமான முடிவுகளில் ஒன்று. இறந்த 15 பேருமே ஒப்பந்தத் தொழிலாளர்கள். உங்கள் வாடகை லோரி ஓட்டுநர்களை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அவர்களுடைய வேலை நேரமும் காயங்களும் உங்கள் பதிவேட்டில் இருக்கின்றனவா?

அப்படியானால் எதை எண்ணுவது? கசிவுகளை எண்ணுங்கள். பல ஆண்டுகளுக்கு முன் பட்டர்வொர்த்தில் ஒரு கிடங்கைச் சோதிக்கப் போயிருந்தேன். சம்பவப் பதிவேட்டில் ஓராண்டாக ஒரு வரி கூட இல்லை. தரையைப் பார்த்தால் டிரம் அடியின் அளவில் வட்டம் வட்டமாகக் கறை. எண்ணினேன், பதினேழு இருந்தன. காயம் யாருக்கும் இல்லை, எனவே அது சம்பவமே இல்லை என்றார் பொறுப்பாளர். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. காயமே இல்லாவிட்டாலும் அறிவிக்க வேண்டிய ஆபத்தான நிகழ்வுகளின் பட்டியல் அதே 2004 விதிமுறைகளில் இருக்கிறது. பட்டியலில் சேராத சிறு சொட்டையும் உங்கள் பதிவேட்டில் எழுதுங்கள்: எந்த டிரம், எந்த மூடி, யார் பார்த்தது, எத்தனை நாளில் சரியானது. இவற்றில் நான் அதிகம் நம்புவது அந்தக் கடைசி எண்ணைத்தான். சொல்லப்பட்ட குறை மூன்றாம் நாளில் சரியாகிறதா, மூன்றாம் மாதமும் அப்படியே கிடக்கிறதா என்பதில் அந்த இடத்தின் குணம் தெரிந்துவிடும்.

உங்கள் கிடங்கில் எனக்கு உண்மையிலேயே பயம் தருவது அமிலமும் ப்ளீச் நீரும் ஒரே கூரையின் கீழ் இருப்பது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். 2016 அக்டோபரில் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்து அட்சிசன் நகரில் இதுதான் நடந்தது. லோரியில் வந்த கந்தக அமிலத்தைத் தவறான குழாயில் மாட்டிவிட்டார்கள். அது சோடியம் ஹைப்போகுளோரைட், அதாவது ப்ளீச் நீர், இருந்த தொட்டிக்குள் போனது. ஊருக்குள் நச்சுப் புகை பரவி, 140-க்கும் மேற்பட்டோர் மருத்துவ உதவி தேட வேண்டியதாயிற்று. இரண்டு குழாய் வாய்களும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே மாதிரி இருந்தன. உங்களிடம் தொட்டிக்குள் ஏற்றும் வேலை இருந்தால், ஒவ்வொரு குழாய் வாய்க்கும் பூட்டுப் போடுங்கள். சாவி உங்கள் ஆளிடம் இருக்கட்டும். ஓட்டுநரும் அவரும் சேர்ந்து பெயரைப் படித்துப் பார்த்த பிறகே பூட்டுத் திறக்க வேண்டும். ‘இந்த மாதம் 46 இறக்கங்கள், 46-இலும் இரண்டு கையெழுத்து’ என்று எழுத முடிந்தால், பலகையில் உள்ள 412-ஐ விட அது எவ்வளவோ மேல். டிரம்களில் மட்டும் வருகிறது என்றால் ஒவ்வொரு ரசாயனத்துக்கும் உள்ள பாதுகாப்புத் தரவுத் தாளின் 7-ஆம், 10-ஆம் பகுதிகளைப் படித்து, எதை எதனுடன் வைக்கக் கூடாது என்று பார்த்து, கசிந்ததைத் தேக்கி நிறுத்தும் தனித்தனித் தடுப்புக்கரைகளுக்குள் பிரித்து வையுங்கள். கரை, உள்ளே இருக்கும் மிகப் பெரிய கொள்கலனின் கொள்ளளவில் 110 விழுக்காட்டைத் தாங்க வேண்டும். 1,000 லிட்டர் தொட்டிக்கு 1,100 லிட்டர். நம் ஊர் மழையில் வெளியே உள்ள கரைகள் தண்ணீரால் நிரம்பிவிடும், பிறகு அந்தத் தண்ணீரை வெளியேற்றத் திறந்த வால்வை மூட மறந்துவிடுவார்கள். அந்த வால்வைத் தினமும் ஒருவர் பார்க்கட்டும்.

லோரிக்கு ஒரே ஒரு எண் போதும்: கடந்த ஆண்டில் எத்தனை லோரிகளை வாசலிலேயே திருப்பி அனுப்பினீர்கள்? தேய்ந்த டயர், காலாவதியான தீயணைப்பான், ஓட்டுநரிடம் தரவுத் தாள் இல்லை, அமிலத்துக்குப் பக்கத்தில் ப்ளீச் நீரை ஏற்றி வந்திருக்கிறார், பக்கவாட்டில் அபாயப் பலகை இல்லை என்று காரணங்கள் இருக்கும். ஒன்றைக் கூடத் திருப்பவில்லை என்றால் வாசலில் யாரும் பார்க்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வேன். பினாங்குப் பாலத்தின் நடுவில் டிரம் உருண்டால் அங்கே உங்கள் மேற்பார்வை எட்டாது. வாசலில் எட்டும்.

காலி டிரம்களையும் மறந்துவிடாதீர்கள். டொலுவீன் இருந்த டிரம்மில் மிஞ்சி நிற்கும் ஆவி, நிரம்பிய டிரம்மை விட எளிதாக வெடிக்கும். பழைய இரும்புக்காரரிடம் கொடுத்து அவர் வெட்டுப்பொறியை வைத்தால் உயிர் போய்விடும். சட்டப்படியும் அது அட்டவணைக் கழிவு, அதாவது சட்டம் பட்டியலிட்ட அபாயக் கழிவு. உரிமம் பெற்றவரிடம்தான் ஒப்படைக்க வேண்டும், 180 நாட்களுக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது.

கண் கழுவும் குழாயை வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். பத்து விநாடியில் அங்கே போய்ச் சேர முடிகிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு ஒருவரை நடக்கச் சொல்லுங்கள். முன்னால் அட்டைப்பெட்டி அடுக்கியிருப்பது அப்போதுதான் தெரியும்.

வாடிக்கையாளருக்கான அறிக்கையில் காயங்களை உள்ளது உள்ளபடி எழுதுங்கள், இந்தக் கையையும் சேர்த்து. மூன்று ஆண்டுக்கு 2,16,000 மணி நேரம், ஒரு காயம் என்றால் விகிதம் 4.6. ஆனால் மருத்துவர் விடுப்பே தரவில்லை என்றால், இந்தக் காயத்தை வேலை நாள் இழந்த காயங்களோடு சேர்க்காமல் தனி வரியில் காட்டுங்கள். அதற்குக் கீழே கசிவுகள், சரிசெய்ய எடுத்த நாட்கள், இரட்டைக் கையெழுத்து, திருப்பி அனுப்பிய லோரிகள். விவரம் தெரிந்த எந்த வாடிக்கையாளரும் காயமே இல்லாத வெள்ளைத்தாளை விட இதைத்தான் நம்புவார்.

முதலாளியிடம் பேசுவது கடினம் என்று தெரியும். 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ள வேலையிடப் பாதுகாப்பு சுகாதாரத் திருத்தச் சட்டத்தில், தொழிலாளர்களின் பாதுகாப்பை உறுதி செய்யத் தவறும் முதலாளிக்கு அபராதம் 5 லட்சம் ரிங்கிட் வரை போகலாம், முன்பு அது 50,000 ரிங்கிட். பாதுகாப்பைப் பற்றிப் புகார் சொன்னதற்காக ஒருவரை வேலையிலிருந்து நீக்குவதும் குற்றம். ஆனால் மிரட்டுவது போல் தொடங்க வேண்டாம். 30 பேருக்கு 300 ரிங்கிட் வீதம் அவர் ஒதுக்கிய 9,000 ரிங்கிட் அப்படியே இருக்கட்டும். காயத்தை மறைத்தால் கிடைக்கும் பணமாக இல்லாமல், கசிவைச் சொன்னால் கிடைக்கும் பணமாக அதை மாற்றச் சொல்லுங்கள்.

பலகையையும் கழற்ற வேண்டாம். எழுத்தை மட்டும் மாற்றுங்கள்: ‘இந்த மாதம் சொல்லப்பட்ட குறைகள் 11, சரியானவை 9. மீதி இரண்டு: மூன்றாம் வரிசை மேல்தட்டு, ஏற்றுமேடையின் இடப்பக்க வால்வு.’