திரையிடலுக்கு அம்மாவை ஏன் கூப்பிடவில்லை?

கேள்வி: எனக்கு 28 வயது. சிட்னியின் மேற்கே டூங்காபியில் அம்மாவோடு இருக்கிறேன். அப்பா இறந்து மூன்று வருடம் ஆகிறது. தங்கை திருமணமாகி மெல்பேர்ணில் இருக்கிறாள். ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் எனக்கு வேலை. போன வருடம் என் சேமிப்பைப் போட்டு 11 நிமிடக் குறும்படம் ஒன்று எடுத்தேன். கணவனை இழந்த ஒரு தமிழ்ப் பெண் அவருடைய சட்டைகளை வாராவாரம் தோய்த்து, அயர்ன் செய்து, திரும்ப அலுமாரியில் தொங்கவிடுவதுதான் கதை. எங்கள் வீட்டிலேயே நான்கு நாள் படப்பிடிப்பு. குழுவில் 14 பேருக்கும் அம்மாவே சமைத்ததால் சாப்பாட்டுச் செலவு மிச்சம். நியூடவுனில் ஒரு சிறிய அரங்கில் நண்பர்களுக்குப் போட்டுக் காட்டினோம், எல்லோரும் பாராட்டினார்கள். (படம் ஆங்கிலத்தில் இருப்பதால் அம்மாவைக் கூப்பிடவில்லை. அவருக்கு அவ்வளவாகப் புரியாது.) ஆனால் அனுப்பிய ஒன்பது விழாக்களும் நிராகரித்துவிட்டன. வேலையை விட்டுவிட்டுத் திரைப்படக் கல்லூரியில் சேரலாமா? அந்தப் பேச்சை எடுத்தாலே அம்மா அழுகிறார். என் கலையை அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சிட்னி

பதில்: தம்பி, இப்படிக் கடிதங்கள் எனக்கு வராத மாதமில்லை. படம் எடுக்கத் துடிக்கும் பிள்ளை, அழும் அம்மா, கதவைச் சாத்தும் விழாக்கள். மனம் தளராதீர்கள், உங்கள் காலம் வரும் என்று எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அதை எழுத எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்ட இரண்டு வரிகளைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

அம்மாவைக் கூப்பிடவில்லை. அவருக்கு அவ்வளவாகப் புரியாது.

அந்தப் படம் யாரைப் பற்றியது? அப்பா இறந்து மூன்று வருடம் என்று எழுதிவிட்டு, சில வரிகள் தள்ளிக் கணவனின் சட்டையை அயர்ன் செய்யும் பெண்ணைப் பற்றி எழுதுகிறீர்கள். அந்த அலுமாரி உங்கள் வீட்டு அலுமாரிதானே? தொங்குவது அப்பாவின் சட்டைகள்தானே? அம்மாவின் துக்கத்தை எடுத்து 11 நிமிடமாக்கி, நியூடவுனில் இருக்கும் நண்பர்களுக்குக் காட்டிக் கைதட்டல் வாங்கியிருக்கிறீர்கள். துக்கத்துக்குச் சொந்தக்காரி அன்று இரவு டூங்காபியில் தனியாக இருந்தார்.

சரி, மொழி புரியாது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் படத்தில் வரும் அந்தத் தமிழ்ப் பெண் ஏன் ஆங்கிலம் கதைக்கிறார்? யாரோடு கதைக்கிறார்? செத்துப்போன கணவனின் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு எந்த யாழ்ப்பாணத்து மனுசி ஆங்கிலத்தில் முணுமுணுப்பார்? உங்கள் அம்மா அப்படிச் செய்வாரா? விழாத் தேர்வாளர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று அம்மாவின் வாயிலிருந்து அவருடைய மொழியைப் பிடுங்கிவிட்டு, பிறகு அவருக்கு மொழி புரியாது என்கிறீர்கள். ஒன்பது விழாக்கள் ஏன் மறுத்தன என்று அடித்துச் சொல்ல நான் அங்கே உட்கார்ந்திருந்தவள் அல்ல. ஆனால் இப்படி ஒரு பொய் நடுவில் இருக்கும் படம், தமிழ் ஒரு சொல்லும் தெரியாத ஆளுக்குக்கூட எங்கேயோ உறுத்தும்.

நீங்கள் போக விரும்பும் பாதையில் உங்களுக்கு முன்னால் போனவர்களைப் பாருங்கள். மெல்பேர்ணின் கோரன் ஸ்டோலெவ்ஸ்கி 12 வயதில் மசிடோனியாவிலிருந்து வந்த பிள்ளை. வருடக்கணக்காகக் குறும்படங்கள் எடுத்துக்கொண்டே இருந்தார். 2018இல் அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் அவருக்குக் குறும்பட விருது வாங்கித் தந்த படத்தின் மொழி மசிடோனியன். பின்பு 2022இல் அதே விழாவுக்கு அவர் கொண்டுபோன முதல் முழுநீளப் படமும் அந்த மொழிதான். நூரா நியசாரி தெஹ்ரானில் பிறந்தவர். சிறு பிள்ளையாக இருந்தபோது தாயோடு பிரிஸ்பேனில் பெண்களுக்கான ஒரு பாதுகாப்பு இல்லத்தில் இருந்திருக்கிறார். பல குறும்படங்களுக்குப் பிறகு தன் முதல் முழுநீளப் படத்துக்கு அந்தக் காலத்தையே எடுத்துக்கொண்டார். அதற்காக முதலில் என்ன செய்தார் தெரியுமா? அம்மாவிடம் அவருடைய வாழ்க்கையை எழுதித் தரும்படி கேட்டார். அந்த எழுத்திலிருந்துதான் படம் வளர்ந்தது. பெரும்பகுதி பாரசீகத்தில் இருக்கும் அந்தப் படத்துக்கு 2023இல் சன்டான்ஸில் பார்வையாளர் விருது கிடைத்தது. ஒஸ்காரின் சர்வதேசப் படப் பிரிவுக்கு அவுஸ்திரேலியா அந்த வருடம் அனுப்பியதும் அதைத்தான். ஆங்கிலத்தில் எடுத்தால்தான் இந்த நாட்டில் மதிப்பார்கள் என்று உங்களுக்கு யார் சொன்னது?

மொழியை விடுங்கள், வீட்டையே பாருங்கள். ஜேன் கம்பியன் நியூசிலாந்திலிருந்து வந்து சிட்னியில் இருக்கும் தேசியத் திரைப்படக் கல்லூரியில் படித்தவர். அங்கே மாணவியாக இருந்தபோது 1982இல் எடுத்த ஒன்பது நிமிடப் படத்தில், காருக்குள் சண்டை போடும் ஒரு குடும்பமாக நடித்தது ஒரு உண்மைக் குடும்பம். 1986இல் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் குறும்படத்துக்கான தங்கப் பனை விருது அதற்குத்தான். மெல்பேர்ணின் ஆடம் எலியட், களிமண் பொம்மைகளை வைத்து மாமா, மச்சான், அண்ணன் என்று உறவுகளின் பெயரிலேயே மூன்று குறும்படங்கள் 1996 முதல் 1999 வரை எடுத்தார். 2004இல் ஒஸ்கார் வாங்கியது அதற்கு அடுத்த படம். படிக்கப் போவதற்கு முன் சில ஆண்டுகள் சென்ட் கில்டா சந்தையில் ரீசேர்ட்டில் படம் வரைந்து விற்றுப் பிழைத்தவர் அவர். ஆலிஸ் ஸ்பிரிங்ஸின் வாரிக் தோர்ன்டனின் தாய் அங்கே பழங்குடி மக்களுக்கான வானொலியைத் தொடங்கியவர்களில் ஒருவர். மகன் அந்த வானொலியில் இசை போட்ட நாட்களையே பிறகு ஒரு குறும்படமாக்கினார். 2007இல் அவர் எடுத்த இன்னொரு குறும்படம், ஒரு சிறுமி தன் பாட்டியைப் பற்றிச் சொல்வது. இவர்களெல்லாம் வீட்டைப் படமெடுத்தவர்கள்தான். நீங்களும் வீட்டைத்தான் எடுத்தீர்கள், ஆனால் வீட்டிலிருப்பவரை வெளியே நிறுத்திவிட்டு எடுத்தீர்கள்.

இன்னொன்றும் என் மனதில் இருக்கிறது. அம்மாவுக்கு ஆங்கிலம் புரியாது என்பது வெறும் சாட்டு என்று நினைக்கிறேன். இந்த ஊரில் வருடக்கணக்காக இருப்பவர், அப்பாவின் கடைசி நாட்களில் வைத்தியரோடும் தாதிமாரோடும் கதைத்தவர், 11 நிமிடப் படத்தைப் பின்தொடர மாட்டாரா? நீங்கள் பயந்தது வேறு எதற்கோ. அவர் அங்கே வந்து உட்கார்ந்து, தன் சட்டை அலுமாரியைத் திரையில் பார்த்து, எல்லோர் முன்னாலும் அழுதுவிடுவார் என்று பயந்தீர்களா? அல்லது புடவையோடு வந்து உங்கள் நண்பர்களிடம் சாப்பிட்டீர்களா என்று கேட்பார் என்று கூச்சப்பட்டீர்களா? முதலாவது என்றால் அனுமதி கேட்காமல் எடுத்தது உங்களுக்கே தெரியும். இரண்டாவது என்றால், உங்கள் வயதுக்கு அது நல்லதல்ல தம்பி.

அந்த நண்பர்களில் பலர் அவர் கையால் சாப்பிட்டவர்கள். நீங்கள் போகிற போக்கில் எழுதிய கணக்கை நான் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். 14 பேர், நான்கு நாள், இரண்டு வேளை என்றாலும் 112 சாப்பாடு. விடியப் புட்டு அவித்து, சொதி வைத்து, மத்தியானத்துக்கு மரக்கறி வெட்டி, இறைச்சி சாப்பிடாதவருக்கு வேறாக ஒரு கறி வைத்து. படத் தொழிலில் இது ஒரு தனிச் செலவு. வரவுசெலவுத் திட்டத்தில் அதற்கென்று ஒரு வரி இருக்கும். நீங்கள் அதை மிச்சம் என்று எழுதியிருக்கிறீர்கள். யாரோ ஒருவரின் உழைப்பு அது. ஒளிப்பதிவாளருக்கு ஏதாவது கொடுத்திருப்பீர்கள், குறைந்தது பெயராவது போட்டிருப்பீர்கள். அம்மாவின் பெயர் படத்தின் கடைசியில் இருக்கிறதா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

இனி வேலை விஷயம். விடக் கூடாது. இப்போது விடக் கூடாது என்று சொல்கிறேன், எப்போதுமே கூடாது என்று சொல்லவில்லை. இந்த நாட்டில் குறும்படத்திலிருந்து முழுநீளப் படத்துக்குப் போக எவ்வளவு காலம் எடுக்கிறது என்று பாருங்கள். தோர்ன்டனின் முதல் குறும்படம் 1996இல். அவருடைய முதல் முழுநீளப் படம் கான் விழாவில் முதல் படத்துக்கான தங்கக் கமரா விருதை வாங்கியது 2009இல். ஜெனிஃபர் கென்ட் பத்து நிமிடப் பேய்க் குறும்படம் எடுத்தது 2005இல். அதே கருவை வளர்த்து முழுநீளப் படமாக வெளியிட்டபோது 2014 ஆகிவிட்டது. கிளெண்டின் ஐவின் 2003இல் கானில் குறும்படத்துக்கான தங்கப் பனையே வாங்கினார். அதற்கு மேல் ஒரு குறும்படத்துக்கு என்ன பரிசு இருக்கிறது? அவருக்கும் முதல் முழுநீளப் படம் வர ஆறு வருடம் ஆனது. பிறகு அவர் நிறையத் தொலைக்காட்சித் தொடர்கள் இயக்கினார், அதுவும் இங்கே இயக்குநர்கள் பிழைக்கும் வழிதான். விருது வாங்கியவர்களுக்கே ஆறு, ஒன்பது, பதின்மூன்று வருடம். அவ்வளவு காலம் உங்களுக்கு யார் சோறு போடுவது? கணவன் இல்லாத, வருமானம் குறைந்த வீட்டில் அந்தக் கேள்வியைத்தான் அம்மா அழுகையாகக் கேட்கிறார். அதைக் கலை புரியாமை என்று எழுதிவிட்டீர்களே!

பிள்ளைக்கு எந்த வயதிலும் பெற்றோர் சாப்பாடு போடலாம். ஆனால் உழைக்கக்கூடிய வயதில், துணையிழந்த தாயின் கையை எதிர்பார்த்துக் கனவு காண்பதை நான் ஏற்க மாட்டேன். பழைய காலத்து ஆள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். மாதம் எவ்வளவு வீட்டுக்குக் கொடுக்கிறீர்கள் என்பதும் உங்கள் கடிதத்தில் இல்லை.

கல்லூரியைப் பற்றிக் கேட்டீர்கள். நல்ல கல்லூரிகள்தான். சிட்னியில் இருப்பதில் கம்பியனும் தோர்ன்டனும் படித்தார்கள், மெல்பேர்ணில் இருப்பதில் எலியட் படித்தார். ஆனால் அது ஒன்றே வாசல் இல்லை. கென்ட் நடிப்புப் படித்தவர். படம் இயக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒரு டென்மார்க் இயக்குநருக்குக் கடிதம் எழுதி, அவருடைய படப்பிடிப்புக்குப் போய்ப் பக்கத்தில் நின்று பார்த்தார். அந்த கென்ட் பிறகு அடிலெய்டில் எடுத்த முதல் படத்தில் எடுபிடி வேலை செய்த அந்த ஊர் இரட்டைச் சகோதரர்கள் இருவர், யூடியூபில் வருடக்கணக்காகத் தங்கள் படங்களைப் போட்டுப் பழகி, 2023இல் சன்டான்ஸில் தங்கள் சொந்த முதல் படத்தைக் காட்டினார்கள். தொடர் நாடகங்களில் இயக்குநருக்குப் பக்கத்தில் இருந்து பழகுவதற்குப் புதியவர்களை எடுப்பதும் உண்டு. வங்கியில் நான்கு நாள் வேலைக்கு மாற முடியுமா என்று கேளுங்கள். மிச்ச நாளில் மற்றவர் படத்தில் வயர் சுற்றுங்கள். விடுமுறையைச் சேர்த்து வைத்து ஒரு முழுப் படப்பிடிப்புக்குப் போங்கள். 14 பேருக்கு நீங்கள் போட்ட சாப்பாடு போல அங்கே உங்களுக்கும் போடுவார்கள், அப்போது யார் சமைத்தது என்று போய்க் கேளுங்கள்.

விழாக்கள் ஓடிவிடாது. ஜனவரியில் பொண்டாயில் பிளிக்கர்ஃபெஸ்ட், ஜூனில் சிட்னித் திரைப்பட விழா, மெல்பேர்ணில் சென்ட் கில்டா விழா. மூன்றின் குறும்பட விருதுகளும் ஒஸ்காருக்குப் போட்டியிடும் தகுதியைத் தருபவை. ஆகவே அங்கே வந்து குவியும் படங்களும் அப்படித்தான் இருக்கும். இதே படத்தைப் பத்தாவதாக இன்னொரு விழாவுக்கு அனுப்பி அந்தக் கட்டணத்தையும் வீணாக்காதீர்கள்.

முதலில் வரும் ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்ட பிறகு, மடிக்கணினியை மேசையில் வைத்து அம்மாவுக்குப் படத்தைப் போட்டுக் காட்டுங்கள். பக்கத்தில் இருங்கள், கைப்பேசியைப் பார்க்காதீர்கள். விளக்கம் சொல்லாதீர்கள். ஏசினால் வாங்கிக்கொள்ளுங்கள். நடுவில் எழும்பிக் குசினிக்குப் போனால் எந்த இடத்தில் எழும்பினார் என்று மட்டும் கவனித்து வையுங்கள். இந்தக் கதையை வெளியே காட்டச் சம்மதமா என்று அதற்குப் பிறகு கேளுங்கள். இல்லை என்றால் படம் அலுமாரிக்குள் போகட்டும். அதை நான் மனதாரச் சொல்கிறேன். சேமிப்புப் போனதுதான், ஆனால் அந்தச் சட்டைகளை விட அந்தப் பணம் பெரிதில்லை.

சம்மதித்தால் ஒரு கொப்பியை எடுத்து, படத்தில் உள்ள ஒவ்வொரு வசனத்தையும் அம்மாவிடம் சொல்லி, நீங்களாக இருந்தால் இதை எப்படிச் சொல்லுவீர்கள் என்று கேட்டு எழுதுங்கள். பாதி வசனத்துக்கு, நான் இந்த இடத்தில் ஒன்றும் கதைக்க மாட்டேன் என்பார். அதையும் எழுதுங்கள். அந்தக் கொப்பியை வைத்துக்கொண்டு படத்தைத் திரும்ப எடுங்கள், தமிழில். இந்தத் தடவை சாப்பாட்டைக் கடையில் சொல்லுங்கள், காசு கொடுத்து.

கடைசியில் அம்மாவின் பெயரைப் போடும்போது எப்படிப் போடுவது என்றும் அவரிடமே கேளுங்கள். அப்பாவின் பெயரோடு சேர்த்தா, தனியாகவா என்று.