பல்கலைக்கழகத்துக்கு அரசு ஏன் பணம் தர வேண்டும்? தர்மபுரி, கிருஷ்ணகிரி வாசகர்கள் கேட்டவை

பதில் சொல்பவர்: அரசுக் கல்லூரியில் பொருளியல் கற்பித்து ஓய்வு பெற்ற பேராசிரியர்

படிக்கிறவர்களே செலவை ஏற்கட்டுமே. கல்லூரிப் பக்கமே போகாதவர்களின் வரிப்பணம் எதற்கு? (பாலக்கோடு)

கல்லூரிப் பக்கம் போகாதவருக்கும் அதில் பங்கு இருக்கிறது ஐயா. காவேரிப்பட்டணம் பக்கத்தில் பையூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நம் மானாவாரி நிலத்துக்கு ஏற்ற பையூர் 1, பையூர் 2 கொள்ளு ரகங்கள் அங்கே பிறந்தவை. கொள்ளு தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர், அதாவது தன் பூவின் மகரந்தத்திலேயே காய்ப்பது; அதனால் ரகம் மாறாது. ஒருமுறை விதை வாங்கினால் போதும், அடுத்த வருஷத்துக்கு நம் களத்திலேயே எடுத்து வைத்துக்கொள்ளலாம். வருஷா வருஷம் விதை விற்க முடியாத பயிருக்கு எந்தத் தனியார் கம்பெனி பணம் போட்டு ஆராய்ச்சி செய்யும்? பொதுப்பணம்தான் செய்யும். செய்தும் இருக்கிறது.

அரசு மானியம் தருகிறதே, அப்புறம் ஏன் பற்றாக்குறை? (கிருஷ்ணகிரி)

தொகுப்பு மானியம், அதாவது சம்பளம் உள்ளிட்ட செலவுக்கு அரசு மொத்தமாகத் தரும் தொகை, வருவது உண்மை. ஆனால் ஊதியக்குழு வந்ததும் சம்பளம் ஏறுகிறது, மானியம் அந்த வேகத்தில் ஏறுவதில்லை. ஓய்வூதியச் சுமையும் பல பல்கலைக்கழகங்களின் சொந்த நிதியிலேயே விழுகிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் சம்பளமே தாமதமானதை 2024இல் செய்திகளில் பார்த்தோம்.

துண்டு விழும் தொகையை எங்கே பிடிப்பார்கள்? இணைப்புக் கல்லூரிகளிடமும் மாணவர்களிடமும்தான். கல்விக் கட்டணம் குறைவாகத்தான் தெரியும். தாளுக்கு இவ்வளவு என்று தேர்வுக் கட்டணம், அரியர் தாளுக்குத் தனி, மதிப்பெண் பட்டியலுக்குத் தனி, பட்டச் சான்றிதழுக்குத் தனி என்று கூட்டிப் பாருங்கள். பென்னாகரம் மலைக்கிராமத்திலிருந்து வரும் பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. நல்ல திட்டம். அந்தப் பணம் பரீட்சைக் கட்டணமாகத் திரும்பிப் போனால் அவளுக்கு என்ன மிஞ்சும்?

காலிப் பணியிடம் இன்னொரு பக்கம். பணம் இல்லையென்றால் முதலில் நிற்பது ஆசிரியர் நியமனம். கௌரவ விரிவுரையாளர்களைக் குறைந்த தொகுப்பூதியத்தில் வைத்து வகுப்பை ஓட்டிவிடலாம், ஆராய்ச்சியை ஓட்ட முடியாது.

மத்திய அரசு தரக் கூடாதா? (அரூர்)

தர வேண்டும். 1976இல் அரசியலமைப்பின் 42ஆவது திருத்தம், மாநிலப் பட்டியலில் இருந்த கல்வியை மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் போடக்கூடிய பொதுப் பட்டியலுக்குக் கொண்டுபோனது. அதிகாரத்தில் பங்கு கேட்டவர்கள் செலவிலும் பங்கு ஏற்பதுதான் முறை. ஆனால் மத்திய அரசின் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) தரும் பணத்தில் பெரும்பகுதி மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கே போகிறது. இந்த நிலை மாறும்வரை மாநிலம் கைவிட முடியாது.

ஓசூர் தொழிற்சாலைகளிடம் கேட்கலாமே? (ஓசூர்)

ஆய்வுக்கூடமோ உதவித்தொகையோ தந்தால் வாங்கிக்கொள்ளலாம். மாதாமாதம் சம்பளம் போட அவர்கள் வரமாட்டார்கள்.

முறைகேடு நடக்கும் இடத்தில் எதற்குப் பணத்தைக் கொட்ட வேண்டும்? (தர்மபுரி)

கோபம் நியாயம்தான். தணிக்கை ஆட்சேபங்கள் வருஷக்கணக்கில் தீராமல் கிடப்பதை நானும் ஏற்கவில்லை. தவறு செய்தவரிடம் வசூலியுங்கள், வழக்குப் போடுங்கள். மானியத்தை வெட்டினால் அடி விழுவது அவர் மேல் இல்லை, அந்த வருஷம் சேர்ந்த பிள்ளைகள் மேல்.

எம்.எல்.ஏ.விடம் மனு கொடுக்கப் போகிறோம். என்ன எழுதலாம்? (ஊத்தங்கரை)

"கூடுதல் நிதி தேவை" என்று பொதுவாக எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். 1997இல் தொடங்கிய பெரியார் பல்கலைக்கழகம் சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நாலு மாவட்டத்துக்கும் பொது. அதனால் நம் இரண்டு மாவட்டத்துக்கும் என்ன வேண்டும் என்று பிரித்துக் கேளுங்கள். தர்மபுரி மாவட்டம் பைசுஅள்ளியில் இருக்கும் அந்தப் பல்கலைக்கழகத்தின் முதுநிலை மையத்தில் எந்தத் துறையில் எத்தனை இடம் காலி என்று தகவல் உரிமைச் சட்டத்தில் முதலில் வாங்குங்கள். அதை வைத்து மூன்று கோரிக்கை போதும்: நிரந்தர நியமனம், ஓய்வூதியத்துக்கு அரசின் தனி ஒதுக்கீடு, தேர்வுக் கட்டணம் ஏறாமல் இருக்க, அந்த வருமானக் குறைவை அரசு ஈடுகட்டும் மானியம். உயர்கல்வித் துறை மானியக் கோரிக்கை, அதாவது அந்தத் துறையின் வருஷச் செலவுக்கு ஒப்புதல் கேட்பது, சட்டப்பேரவைக்கு வருவதற்கு ஒரு மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள். விவாதம் முடிந்த பிறகு கொடுத்தால் அடுத்த வருஷம்தான்.